நெஞ்சு தயார், எலும்பு தயாரில்லை

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பாரதப்புழைக்குப் பக்கத்தில், வயலும் தென்னையுமான தாழ்நிலம். மற்றொன்று இடுக்கியில், நம் கம்பத்திலிருந்து மலையேறிப் போனால் ஏலத் தோட்டங்களுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓட்டக்காரர்களைப் பற்றிப் பேசினால் இந்த இரண்டு மாவட்டங்களையும் தவிர்க்க முடியாது. 2017, 2019 என்று அடுத்தடுத்து இருமுறை 1,500 மீட்டரில் ஆசியச் சாம்பியனான பி.யு. சித்ரா, பாலக்காட்டின் முண்டூர்க்காரர். 2010 நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50.47 நொடியில் ஓடித் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன், இடுக்கியின் முல்லக்கானத்தில் பிறந்தவர். 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றும் சராசரியாக 76 நொடிகள். அப்படி 25 சுற்றுகள்.

மலைக்காற்றில் வளர்ந்ததுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்குதான் குறைவு. ரத்தத்தில் சிவப்பணுக்கள் சொல்லிக்கொள்ளும்படி பெருக, பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நான்கு வாரமாவது தங்க வேண்டும். கென்யாவின் இட்டென் ஊர் ஏறத்தாழ 2,400 மீட்டரில் இருக்கிறது. இடுக்கி மலை ஓடுபவருக்குக் கொடுப்பது வேறு: குளிர்ச்சியும், ஏற்ற இறக்கமும். அதற்குப் பிறகு வருவது நாளும் வாரமும் மாதமுமாக உடல் செய்யும் வேலை. அந்த வேலை எல்லா உறுப்பிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் சேதி.

வேலைக்குப் போய்க்கொண்டே விடியற்காலையில் ஓடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜூனில் பயிற்சி தொடங்குகிறார். டிசம்பரில் கோவை மாரத்தான், ஜனவரியில் சென்னை அல்லது மும்பை என்பது திட்டம். முதலில் மாறுவது ரத்தம். ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடும். சிவப்பணுக்கள் அவ்வளவு வேகமாகப் பெருகாது. அதனால் அந்தச் சமயத்தில் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் அளவு சற்றுக் குறைந்து தெரியும். பெரும்பாலும் இது சோகை அல்ல, ரத்தம் நீர்த்திருப்பதன் விளைவு. ஆனால் நம் பெண்களிடம் உண்மையான இரும்புச்சத்துக் குறைவு மிகப் பரவலாக இருப்பதால், ஓடுவதால்தான் இப்படி என்று அவர்களே முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அடுத்தது இதயம். ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது. காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு வாரக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. கூடவே தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. 1967இல் அமெரிக்காவின் ஜான் ஹோலோசி எலிகளை 12 வாரம் ஓடவைத்துப் பார்த்தபோது, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் நொதிகளின் செயல்திறன் அவற்றின் தசைகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அதுவரை இதயமும் நுரையீரலும்தான் எல்லாம் என்றிருந்த எண்ணம் அதோடு மாறியது.

ஆகஸ்ட் வாக்கில் நம் ஓட்டக்காரருக்கு மூச்சு வாங்குவதில்லை. இன்னும் ஐந்து கிலோமீட்டர் போகலாமே என்று தோன்றும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் விதம் விசித்திரமானது: கட்டுவதற்கு முன் தோண்டும். புதிய பளு விழுந்ததும் ஒருவகை செல்கள் பழைய எலும்பைச் சிறு சிறு குழிகளாகக் கரைக்கின்றன. அதற்குச் சில வாரம் ஆகும். பிறகு வேறு செல்கள் வந்து அந்தக் குழிகளைப் புது எலும்பால் நிரப்புகின்றன. அதற்கு மாதங்கள் பிடிக்கும். தோண்டியாயிற்று, இன்னும் நிரப்பவில்லை என்ற அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலம் குறைந்துதான் இருக்கும். அப்போது ஓட்டத்தைக் கூட்டினால் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. 1855இலேயே பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹௌப்ட், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 40 ஆண்டுகள் இருந்த காலம் அது. வீக்கத்துக்கு எலும்பு விரிசல்தான் காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது. குதிகால் தசைநாணும் இப்படித்தான்; ரத்த ஓட்டம் குறைந்த திசு, அவசரப்படுத்தினால் கேட்காது.

மலைச்சரிவு இன்னொன்றைக் கற்றுத்தருகிறது. ஏறும்போதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம்; தசையைச் சேதப்படுத்துவது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. இழைகளில் நுண்ணிய கிழிசல் ஏற்படுகிறது. வலி மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். ஆனால் ஒருமுறை அப்படி வலித்த தசை, சில வாரம் கழித்து அதே இறக்கத்தில் இறங்கினால் அந்த அளவு வலிப்பதில்லை. ஒரே ஓட்டத்தில் தசை பாடம் படித்துக்கொள்கிறது. சமவெளியிலேயே ஓடிவிட்டு நேராக மூணாறு போட்டிக்குப் போகிறவர்கள், முன்பே ஏதாவது ஒரு மேம்பாலத்திலாவது ஏறி இறங்கிப் பழகலாம்.

நவம்பர் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். ஓடும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மொத்த ஆற்றலே ஏறக்குறைய அவ்வளவுதான். சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை, ஆவியானால்தான் குளிர்ச்சி. சென்னையிலோ கொச்சியிலோ சட்டை நனைந்து பிழிகிறது, உடல் தணிவதில்லை. கணவாய்க் காற்றில் சட்டை காய்ந்தே இருக்கும், உடலும் தணியும். இழந்த தண்ணீரின் கணக்குதான் தெரியாமல் போய்விடும்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பலருக்கு மனம் வராது. ஆனால் சேர்ந்த களைப்பு நீங்கி, தசையில் கிளைக்கோஜன் நிரம்புவது அப்போதுதான். தசையிலும் கல்லீரலிலும் சேரும் அந்த இருப்பு சுமார் 2,000 கிலோ கலோரி. மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு அந்த 60 கிலோக்காரருக்கு 2,500 கிலோ கலோரி வேண்டும். மீதியைக் கொழுப்பு கொடுத்தாக வேண்டும். கொழுப்பை எரிக்கும் திறனைத் தந்தது ஜூன், ஜூலையின் மெதுவான ஓட்டங்கள். 30 கிலோமீட்டருக்கு மேல் கால் ஓடுமா நிற்குமா என்பது பெரும்பாலும் அந்த மழைக்காலத்தில் முடிவாகிவிடுகிறது.

இந்த ஆண்டு ஓடத் தொடங்கியிருக்கும் நண்பர்களுக்கு: மூச்சு சுலபமாகிவிட்டது என்பதற்காகத் தூரத்தைக் கூட்டாதீர்கள். கீழ்க்கால் எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், ஓய்விலும் அது விடாமல் இருந்தால், அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கோவை மாரத்தான் அடுத்த டிசம்பரிலும் வரும்.