மருந்து மாறியது, தாடை பிழைத்தது

தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசுகிறோமே, அந்தப் பழுப்புப் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் உண்டு, பாஸ்பரஸ் கிடையாது. இந்த ஏற்பாடு நிலைபெறுவதற்குள் எத்தனையோ தொழிலாளர்கள் தாடையைப் பறிகொடுத்துவிட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டுத் தீக்குச்சியின் முனையிலேயே வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. மலிவான சரக்கு. சுவரோ செருப்போ, எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். குச்சியை மருந்தில் தோய்த்து, உலர்த்தி, பெட்டியில் அடைத்த தொழிலாளர்கள்தான் அதன் ஆவியைச் சுவாசித்தார்கள். லண்டனின் கிழக்குப் பகுதித் தொழிற்சாலையில் வேலை செய்த இடத்திலேயே ரொட்டியையும் தின்றதால், கையில் ஒட்டிய நஞ்சும் வயிற்றுக்குள் போயிற்று. முதலில் பல்வலி வரும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். தாடை எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்து அழுகும். பக்கத்தில் ஆள் உட்கார முடியாத நாற்றம். செத்த எலும்பை அறுத்தெடுப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

வியன்னாவில் லோரின்சர் என்ற மருத்துவர் 1845லேயே இந்த நோயை விவரித்துவிட்டார். அதே வியன்னாவில், அதே 1840களில், ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர் வெள்ளை பாஸ்பரஸைச் சூடாக்கி, நஞ்சில்லாத சிவப்பு பாஸ்பரஸாக மாற்றிக் காட்டினார். நோயும் தெரியும், மாற்றும் தெரியும். அப்புறமும் அரை நூற்றாண்டுக்கு மேல் வெள்ளை பாஸ்பரஸே ஓடியது என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பின்லாந்து 1872லும் டென்மார்க் 1874லும் தடை போட்டன. பிரிட்டன் போடவில்லை. காற்றோட்டம் வை, கையைக் கழுவு, பல்லைச் சோதித்துக்கொள் என்று விதிகள் மட்டும் பெருகின.

1888 ஜூலையில் லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலையை எழுதி ஊரறியச் செய்தவர், பின்னாளில் நம் அடையாறில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசன்ட் அம்மையார். சாப்பிடத் தனி அறை கிடைத்தது, மருந்து மாறவில்லை. பத்தாண்டு கழித்து, 17 பேருக்கு நோய் வந்ததைச் சொல்லாமல் விட்டதற்காக அந்த நிறுவனத்துக்கு அபராதம் விழுந்தது. தொகை 25 பவுண்டும் சில்லறையும்!

1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடித் தடை ஒப்பந்தம் செய்தன. பிரிட்டனில் தடை நடைமுறைக்கு வந்தது 1910இல். இந்தியாவில் 1913இல் தனிச் சட்டமே வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது, வெள்ளை பாஸ்பரஸுக்குக் கதவு சாத்திப் பத்து வருடம் ஆகியிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்களில் குழந்தைகள் உழைத்த கொடுமை நடந்தது; தீ விபத்துகளும் நடந்தன. ஆனால் லண்டன் பெண்களின் தாடையைத் தின்ற நஞ்சைக் கையாளும் கதி நம் பெண்களுக்கு வாய்க்கவில்லை.

ஆபத்தான மருந்தையே மாற்றும் இதே வழி பட்டாசிலும் ஓரளவு நடந்தது. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்தால் சின்ன உராய்வே போதும், வெடித்துவிடும். அந்தக் கலவையில் பட்டாசு செய்ய 1992இல் மத்திய அரசு தடை விதித்தது. இருந்தும் மருந்துக் கலவையின்போது வெடி விபத்து என்ற செய்தி இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

மற்றத் தொழில்களிலோ இந்த வழியை யாரும் நினைப்பதில்லை; சாயப் பட்டறையோ, தோல் ஆலையோ, முலாம் பூசும் கூடமோ, எங்கே போனாலும் பாதுகாப்பு என்றால் முகக்கவசத்தையும் கையுறையையும்தான் காட்டுகிறார்கள். மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் யாரால் அதை மாட்டிக்கொண்டிருக்க முடியும்? முதலாளிகளும் ஆய்வாளர்களும் கவசத்தை எண்ணுவதற்கு முன் சரக்குப் பட்டியலைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் நேராக, இதற்குத் தீங்கு குறைந்த மாற்று உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் இந்த ஆண்டே மாற்றுங்கள்.