ஃபியூம் ஹூட்டில் காற்றோட்ட உணரியின் அமைவிடம்

ஃபியூம் ஹூட் என்பது நச்சு வாயுவோ ஆவியோ எழும் சோதனைகளைச் செய்வதற்காக வேதியியல் ஆய்வகங்களில் வைக்கப்படும் பேழை ஆகும். மூன்று பக்கமும் அடைத்திருக்கும். முன்பக்கத்தில் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு உண்டு. கூரைமேல் உள்ள ஊதுவிசிறி, அறைக் காற்றை முன்வாய் வழியாக உள்ளே இழுத்துக் குழாய் வழியாக வெளியேற்றும். முன்வாயில் நுழையும் காற்றின் வேகம் முகப்பு வேகம் எனப்படும். பெரும்பாலும் இது நொடிக்கு 0.4 முதல் 0.6 மீட்டர் வரை இருக்குமாறு அமைக்கப்படுகிறது. அது குறையும்போது எச்சரிப்பது உணரியின் வேலை. ஆனால் உணரி தான் இருக்கும் இடத்துக் காற்றை மட்டுமே அறியும்; சோதனை செய்பவர் நிற்கும் இடத்துக் காற்றை அல்ல. ஆகவே கருவியின் விலையைவிட அது பொருத்தப்படும் இடம் முக்கியமானது.

வேகம் குறைந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். உப்புப் பகுப்பாய்வு செய்த எவருக்கும் ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். காற்றில் அவ்வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகும். ஆபத்து கூடும் நேரத்தில் நாற்றம் மறைந்துவிடுகிறது.

பக்கச்சுவர் உணரி

முகப்பு வேகத்தை அளக்க முன்வாயின் நடுவிலேயே உணரியை வைப்பதுதான் இயல்பாகத் தோன்றும். அங்கே வைத்தால் கை இடிக்கும், கண்ணாடிக் கதவை இறக்க முடியாது. முன்னால் நிற்பவரின் உடலும் காற்றைக் கலைக்கும்.

எனவே பேழையின் பக்கச்சுவரில் சிறு துளையிட்டு, அதில் வெப்ப உணரி பொருத்தப்படுகிறது. பேழையின் உள்ளே அழுத்தம் அறையைவிடச் சற்றுக் குறைவு. வேறுபாடு ஒரு பாஸ்கலையும் எட்டாது. வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தாலும் அறைக் காற்று அத்துளை வழியாக உள்ளே நுழைய அது போதும். சூடேற்றிய நுண்கம்பியை அக்காற்று குளிர்விக்கும் அளவிலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. காற்று வேகத்துக்கும் கம்பி இழக்கும் வெப்பத்துக்கும் உள்ள தொடர்பை எல். வி. கிங் 1914இல் வகுத்தார். துளை வழியே சுத்தமான அறைக் காற்றே வருவதால் அமில ஆவி உணரியை அரிப்பதில்லை என்பது இம்முறையின் பெரிய நன்மை.

துளையின் உள்முனை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேல் பகுதியில் இருப்பது வழக்கம். கதவு ஓடும் தடத்தை ஒட்டியோ, பின்தடுப்புப் பலகையின் இடுக்குகளுக்கு அருகிலோ இருந்தால் அங்குள்ள விரைந்த காற்று அளவைக் கூட்டிக் காட்டும். பெரிய குடுவையோ ஹாட் பிளேட்டோ அதை மறைக்கக் கூடாது. வெளிமுனைக்கும் இதே கவனம் தேவை. அது பொய்க்கூரைக்கு மேலே திறந்தால் ஆய்வக அழுத்தத்தை அல்ல, கூரை இடைவெளியின் அழுத்தத்தைப் படிக்கும்.

குழாயில் வைக்கப்படும் உணரி

சில அமைப்புகளில் உணரி வெளியேற்றுக் குழாயில் இருக்கும். அது வேகத்தை அல்ல, மொத்தக் காற்றளவைத் தருகிறது. 1.2 மீட்டர் அகலமும் 0.45 மீட்டர் உயரமும் திறந்த வாயில் நொடிக்கு 0.5 மீட்டர் வேகம் வேண்டுமானால் நொடிக்கு 0.27 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். அதே ஓட்டத்தில் கதவை 0.9 மீட்டர் உயர்த்தினால் வேகம் பாதியாகிவிடும். குழாய் உணரிக்கோ எதுவும் தெரியாது. ஆகவே கதவின் நிலையைக் காட்டும் இன்னோர் உணரியும் தேவை. வளைவை அடுத்து வைக்காமல், குழாய் விட்டத்தைப் போல் ஏழெட்டு மடங்கு நேராக ஓடிய பின் வைப்பது நல்லது.

ஊரக ஆய்வகச் சூழல்

உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளில் குளிர்சாதனம் இல்லாத ஆய்வகங்களில் சன்னல்கள் திறந்திருக்கும், மின்விசிறிகள் ஓடும். மின்விசிறிக் காற்று முகப்பு வேகத்தை எளிதில் மிஞ்சி, பேழைக்குள் இருக்கும் ஆவியை வெளியே இழுத்துவிடும். குறுக்குக் காற்று முகப்பு வேகத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. உணரியின் வெளிமுனையைச் சன்னலுக்கும் மின்விசிறிக்கும் நேராக வைப்பதும் தவறு. அறுவடைக் காலத் தூசி நுண்கம்பியில் படிந்தால் வேகத்தைக் குறைத்துக் காட்டும். பொய் எச்சரிக்கை அடிக்கடி ஒலித்தால் யாராவது ஒலியை அணைத்துவிடுவார்கள்.

மின்சாரமும் ஒரு சிக்கல்தான். பழுதுபார்ப்புக்குப் பின் மும்முனை மின்சாரத்தில் இரு கம்பிகள் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்கு ஊதுவிசிறி அப்போதும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாக. விசிறிச் சத்தம் கேட்கும், விளக்கு எரியும், முன்வாயில் பிடித்த காகிதமும் ஆடும். வேகத்தை அளக்கும் உணரி மட்டுமே குறையைக் காட்டும். மின்தடையிலும் ஒலிக்க, எச்சரிக்கைப் பெட்டிக்குத் தனி மின்கலம் வேண்டும்.

அளவுதிருத்தம்

பொருத்திய பின், முன்வாயை ஏறத்தாழ 30 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கைக்காற்றுமானியால் அளக்க வேண்டும். மேற்சொன்ன வாய்க்கு எட்டுக் கட்டங்கள் வரும். அவற்றின் சராசரியே உணரிக்குத் தரப்படுகிறது. அமெரிக்காவின் ஆஷ்ரே 110 சோதனைமுறை இத்துடன் நிற்பதில்லை: புகை விட்டுப் பார்ப்பதுடன், பேழைக்குள் சல்பர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவை விட்டு, முன்னால் நிறுத்திய பொம்மையின் வாயருகே எவ்வளவு கசிகிறது என்றும் அளக்கிறது. வேகம் சரியாக இருந்தும் இச்சோதனையில் தோற்கும் பேழைகள் உண்டு.