ஆரஞ்சு அலர்ட்: பொய்யா, மெய்யா?

"ஆரஞ்சு அலர்ட்டுன்னாங்க, எங்க தெருவுல ஒரு தூறல்கூட இல்லையே!" என்று சலித்துக்கொண்டதுண்டா, நேயர்களே? எச்சரிக்கை பொய்யாகிவிடவில்லை. வானிலை ஆய்வுத் துறை நிறத்தை அறிவிப்பது மாவட்டத்துக்கு, தெருவுக்கு அல்ல. பெங்களூருவின் எலகங்காவில் கொட்டித் தீர்க்கிற மழை ஜெயநகரை எட்டிப் பார்க்காமலே போகலாம். ஆனால் நீங்கள் போகிற வழியும் அதே மாவட்டத்தில்தானே இருக்கிறது? 2023 மே மாதம், பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதனால் ஆரஞ்சு என்றால் 'தயாராக இரு' என்று பொருள் கொள்ளுங்கள். அவசரமில்லாத பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிளம்பியே ஆகவேண்டுமா? சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் பார்க்காமல் வண்டியைத் திருப்புங்கள். சுற்றிப் போனால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்!