நியூட்ரான் சிதறலும் கிளிபோர்டு ஷல்லும்

உப்பு, சர்க்கரை, பனிக்கட்டி முதலிய படிகங்களுள் அணுக்கள் ஓர் ஒழுங்குபட அடுக்கப்பட்டுள்ளன. அவ்வொழுங்கை அறிதற்கு அறிஞர் 1912 முதல் எக்ஸ் கதிரைக் கருவியாகக் கொண்டனர். ஆயின், அக்கதிர் எலெக்ட்ரான்களாற் சிதறுவது. ஆதலின், எலெக்ட்ரான் ஒன்றே உடைய ஹைட்ரஜன் அதன்வழி நன்கு புலப்படுவதில்லை. இக்குறையைப் போக்கியது நியூட்ரான் சிதறல் முறையாகும். அம்முறை வளர்ந்தவாற்றையும், அதன்கண் ஷல் ஆற்றிய பணியையும் ஈண்டுக் காண்போம்.

கிளிபோர்டு ஷல் 1915-இல் அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரிற் பிறந்தார்; 1941-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் வினையூக்கிகளின் நுண்ணமைப்பை ஆராய்ந்த அவர், 1946-இல் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். அங்கிருந்த அணு உலை, அணுகுண்டுத் திட்டத்தின் பொருட்டு 1943-இல் இயக்கப்பெற்றது. அழிவுக்கென அமைந்த அவ்வுலையின் நியூட்ரான்களைப் படிக ஆய்வுக்குப் பயன்கொள்ளும் முயற்சியை எர்னஸ்ட் வோலன் என்பார் முன்னரே தொடங்கியிருந்தார். ஷல் அவரோடு இணைந்தார்.

நியூட்ரான் மின்னூட்டம் அற்றது, அணுக்கருவாற் சிதறுவது. உலையிலுள்ள கிராபைட்டு அதன் வேகத்தைத் தணிக்க, அதன் அலைநீளம் அணுக்களின் இடைவெளியை ஒத்ததாகின்றது. எனவே, படிகத்திற் பட்டுச் சிதறும் நியூட்ரான்கள் எத்திசைகளில் மிகுகின்றன என அளந்து, அணுக்களின் இருப்பிடத்தைக் கணிக்கலாம். ஹைட்ரஜனும் இம்முறைக்குத் தப்புவதில்லை. ஒரு சுவடியிற் சிதைந்த எழுத்தைப் பிறிதொரு சுவடி கொண்டு தெளிதல் பதிப்பாளர் அறிந்த நெறி. எக்ஸ் கதிர் காட்டாததை நியூட்ரான் காட்டுவதும் அத்தகையதே. ஒன்று மற்றொன்றை விலக்குவதன்று, நிரப்புவது.

மேலும், நியூட்ரான் ஒரு நுண்ணிய காந்தமும் ஆகும். சில பொருள்களில் அணுக்காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றன் விளைவை மற்றொன்று அழிக்கும் என 1930-களில் லூயி நேயல் கருதினார். 1949-இல் ஷல்லும் ஸ்மார்ட் என்பாரும் குளிர்வித்த மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான்களைச் செலுத்தி, அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தங்கள் எதிர்த்திசை நோக்குவதை மெய்ப்பித்தனர். கருத்தளவாய் நின்ற கொள்கை காட்சியளவால் உறுதிபெற்றது.

ஷல் 1955 முதல் 1986 வரை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராக விளங்கினார். 1994-இல் அவருக்கும், நியூட்ரான்வழி அணுக்களின் அசைவை அளந்த கனடா நாட்டுப் புரோக்கவுசுக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வோலனோ 1984-இலேயே மறைந்துவிட்டார். அவர் அப்பெருமையிற் பங்குபெற இயலாமை குறித்து ஷல் தம் வாழ்க்கைக் குறிப்பில் வருந்தி எழுதினார். 2001-இல் ஷல்லும் மறைந்தார். பரிசு பெற்றோர் வரிசையில் வோலன் பெயர் இல்லை. எனினும், நியூட்ரான் சிதறலின் வரலாறு எழுதுவோர் ஷல்லின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துரைத்தல் கடனாகும்.