சைபீரியாவிலிருந்து ஆந்தை வருகிறது, தெரியுமா?

திருப்பதி மாவட்டம் என்றதும் ஏழுமலையான்தான் நினைவுக்கு வருவார். அதே மாவட்டத்தில், சூளூர்ப்பேட்டைப் பக்கம், இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி விரிந்து கிடப்பது தெரியுமா? பழவேற்காடு ஏரி! ஒரு பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் சீறிக் கிளம்பும். இந்தப் பக்கம் வடக்கே பனிநாடுகளிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் மேய்ந்துகொண்டிருக்கும்! ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான்!

சரி, பனிக்குப் பயந்து வாத்து வரும். ஆந்தை வருமா?

வரும்! குட்டைக்காது ஆந்தை என்று பெயர். சைபீரியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இந்தியப் புல்வெளிகளுக்கு வந்து சேர்கிறது. எடை சுமார் 350 கிராம். சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர்! கடலையும் தாண்டும். வழியில் கப்பலில் இறங்கி இளைப்பாறியதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள்! மரப்பொந்தெல்லாம் இதற்கு வேண்டாம், கூடு கட்டுவதே தரையில்தான். அதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் 'காது' காதே இல்லை, வெறும் இறகு!

வந்து சேர்ந்தால் போதுமா? இனிமேல்தான் ஆபத்தே!

இடம்பெயரும் மற்ற ஆந்தைகளின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 2004-05 குளிர்காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? வடக்கே வயலெலி குறைந்துபோனது. 5,000-க்கும் மேற்பட்ட சாம்பல் பேராந்தைகள் தெற்கே இறங்கிவிட்டன! இரண்டடிப் பனிக்கு அடியில் எலி ஓடும் சத்தமே கேட்கிற காது அவற்றுக்கு! அப்படிப்பட்ட காது இருந்தும், சாலையோரம் இரை தேடும்போது கார் மோதி நூற்றுக்கணக்கில் செத்தன.

இன்னொன்றைக் கேளுங்கள். 2014 ஜனவரியில் வாஷிங்டன் நகரின் நட்டநடுவில் ஒரு பனி ஆந்தை வந்து உட்கார்ந்தது. ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது! சில நாளில் பேருந்து மோதியது. செத்துவிட்டதா? இல்லை! உயிரியல் பூங்கா மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். பிறகு மின்னசோட்டாவுக்கு அனுப்பி, அங்கே சேதமான இறகுகளுக்குப் பதிலாக வேறு இறகுகளை ஒட்டினார்கள். ஆம், ஆந்தைக்கு இறகு ஒட்டு! ஏப்ரலில் பறக்கவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மின்னசோட்டாவில் ஒரு நெடுஞ்சாலையோரம் அது இறந்துகிடந்தது. இத்தனை பேர் பாடுபட்டு மீட்ட உயிர்! படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது.

2011-ல் ஒரு பனி ஆந்தை ஹவாய்த் தீவுகள்வரை போய்விட்டது! பனியே இல்லாத கடற்கரை ஊர்! ஹொனலூலு விமான நிலையத்தில் இறங்கியது. விமானத்துக்கு ஆபத்து என்று சுட்டுவிட்டார்கள்.

நம் பக்கம் துப்பாக்கி வேண்டாம், கணக்குப் புத்தகமே போதும்! குட்டைக்காது ஆந்தை பதுங்கியிருக்கும் புல்வெளியை நாம் 'தரிசு' என்று எழுதிவிடுகிறோம். அப்புறம் மனை, ஆலை, சோலார்த் தகடு. பாவம், அது எங்கே படுக்கும்?

எலி மருந்து விஷயம் தெரியுமா? சித்தூர் கரும்புத் தோட்டமோ, கடலைக்காடோ, எங்கே வைத்தாலும் ஒரே கதைதான். புரோமாடயோலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது! சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? எலிக்கு வைத்த விஷம் ஆந்தையின் கல்லீரலில் போய்த் தங்கிவிடுகிறது!