50 கேட்டார், 500 வந்தது!

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், 1923-ல், செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக வளர்க்க 50 கோழிக்குஞ்சு கேட்டிருந்தார். வந்து இறங்கியதோ 500! திருப்பி அனுப்பவில்லை, வளர்த்துக் கறிக்கு விற்றார். நல்ல லாபம். மூன்றே ஆண்டில் 10,000 கோழிக்குக் கொட்டகை! அந்நாட்டு பிராய்லர் தொழில் வேர்விட்டது இப்படித்தான், தெரியுமா? டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா மூன்றும் பங்கு போட்டிருக்கும் டெல்மார்வா தீபகற்பத்தில் இன்று ஆண்டுக்குச் சுமார் 60 கோடி கோழி வளர்கிறது!

அத்தனை எச்சமும் எங்கே போகிறது? கொட்டகையில் பரப்பிய மரச்சீவலோடு சேர்ந்து கூளமாகி, பெரும்பாலும் பக்கத்து வயல்களுக்கு. அருமையான எருதான். வில்லங்கம் மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில். தீவனமான மக்காச்சோளத்திலும் சோயாவிலும் அதில் பெரும்பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. திறக்கும் நொதி கோழிக் குடலில் போதாது. தின்றதில் பாதிக்கு மேல் எச்சத்தோடு வெளியே! பயிருக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதும் என்கிற அளவுக்கு எரு கொட்டினால், மணிச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்துவிடும். வருஷா வருஷம் கொட்டினால்? ஒரு கட்டத்தில் மண்ணே கைவிரிக்கும். அப்புறம் வடிகால் வாய்க்கால் வழியாகச் செசபீக் விரிகுடாவுக்குப் பயணம்.

அங்கே பாசிக்குக் கொண்டாட்டம். பாசி மூடினால் அடியில் கடற்புல்லுக்கு வெயில் இல்லை. பாசி செத்து மக்கும்போது ஆக்சிஜனும் இல்லை. மூச்சுத் திணறும் நண்டுகள் கரையோரம் ஒதுங்குவதும் உண்டு!

1997-ல் மேரிலாந்தின் போகமோக் ஆற்றில் புண் புண்ணாக மீன்கள் மிதந்தன. எருச்சத்தில் பெருகுவதாகச் சொல்லப்பட்ட ஃபீஸ்டீரியா என்ற நுண்ணுயிரிமேல் பழி விழுந்தது. குற்றவாளி அதுதானா என்று விஞ்ஞானிகள் பிற்பாடு அடித்துக்கொண்டது தனிக்கதை. ஆனால் மறு ஆண்டே எருவைக் கணக்குப் பார்த்துப் போடச் சட்டம் வந்துவிட்டது!

இன்னொன்று கேளுங்கள். கோழி கொழுக்கத் தீவனத்தில் ஆர்சனிக் மருந்து கலந்தார்கள், பல பத்தாண்டுகள்! அதுவும் எச்சத்தோடு வயலுக்குப் போனது. 2012-ல்தான் மேரிலாந்து அதற்குத் தடைச்சட்டம் போட்டது. எனக்கு இது வியப்பைவிடக் கோபம்தான்.

சரி, பாஸ்பரஸுக்கு என்ன வழி? தீவனத்திலேயே ஃபைட்டேஸ் நொதியைக் கலந்தால் பூட்டு திறக்கிறது. எச்சத்தில் பாஸ்பரஸ் குறைகிறது. அர்கன்சாஸ் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வேடிக்கை. குடிநீர் நிலையங்களில் கலங்கல் தெளியப் போடுகிறோமே படிகாரம், அதைக் கூளத்தில் தூவினால் பாஸ்பரஸ் மழைநீரில் அவ்வளவாகக் கரைந்து ஓடாது. கொட்டகையின் அம்மோனியா நெடியும் தணியும். கோழிகளும் நன்றாக எடை போடும்!