வீடு வாங்குதலும் குடிக்கூலிக்கு விடுதலும்

நம் கல்லூரியினின்று வெளிச்சென்று, ஆசிரியப் பணியிலும் அரசாங்க அலுவலிலும் முப்பதாண்டு உழைத்து ஓய்வுபெறுவோர் பலர், கைக்கு வந்த சேமநிதியைக் கொண்டு ஒரு வீட்டை வாங்கி, அதனைக் குடிக்கூலிக்கு விட்டுப் பிற்காலத்தைக் கழிக்கலாம் என்று கருதுகின்றனர். கருத்து நன்றே. ஆயினும் பயிர்த்தொழிலும் வாணிகமும் போலவே வீட்டுக்குடையவராதலும் ஒரு தொழிலாம். அதனைக் கற்காது புகுவோர் வாழ்நாளெல்லாம் ஈட்டிய பொருளை ஒரே கையொப்பத்தில் இழத்தலும் கூடும். ஆதலின், தமிழ்நாட்டில் இத்தொழிலிற் புதியராய்ப் புகுவோர்க்குப் பயன்படத்தக்க சில விஷயங்களை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் கணக்கைப் பார்ப்போம். 60 லட்சம் ரூபாய்க்குப் பிறரிடமிருந்து ஒரு வீட்டை வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைக் கட்டணமும் மாற்று வரியும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து நூற்றுக்கு 9 ஆகலின், 5,40,000 ரூபாய் அதன்மேற் செல்லும். அவ்வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை வருமெனின் ஆண்டுக்கு 1,80,000. ஒரு மாதம் வீடு வெறிதே கிடந்தால் 15,000 குறையும். சொத்துவரியும் பழுதுபார்க்கும் செலவும் 30,000 எனக் கொண்டால் எஞ்சுவது 1,35,000. இட்ட முதலாகிய 65,40,000-க்கு இது நூற்றுக்கு இரண்டுக்குச் சிறிது மிகுதி. வங்கியில் வைப்புநிதியாக இட்டாலும் இதனின் மிகுதியாகக் கிடைக்கும். இவ்வீட்டை வாங்க 40 லட்சத்தை நூற்றுக்கு 9 வட்டியில் இருபதாண்டுக் கடனாகப் பெறின், மாதந்தோறும் ஏறக்குறைய 36,000 ரூபாய் கட்டவேண்டும். வாடகையே கடனைத் தீர்த்துவிடும் என்று தரகர் கூறுவதை நம்புவோர் இக்கணக்கை ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பார்ப்பாராக. மனையின் விலையேற்றத்தை எதிர்நோக்கி வாங்குதல் வேறு; மாத வருவாயை நம்பி வாங்குதல் வேறு. ஓய்வூதியமில்லாதவர் பின்னதை நம்பலாகாது என்பது எம் கருத்து.

இனிப் பத்திரங்களைப் பற்றிக் கூறுவோம். பதிவு அலுவலகத்திற் பதிவாகிவிட்டால் உரிமை உறுதியாயிற்று என்று கற்றோரும் எண்ணுகின்றனர். அற்றன்று. பதிவு என்பது இன்னார் இன்னார்க்கு எழுதிக்கொடுத்தார் என்பதைக் குறித்து வைப்பதேயன்றி, எழுதிக்கொடுத்தவர்க்கு அவ்வுரிமை உண்டு என்று அரசாங்கம் பொறுப்பேற்பதன்று. ஆகவே விற்பவர் கையிலுள்ள பத்திரத்தோடு நில்லாது, அதற்கு மூலமான பத்திரங்களை முப்பதாண்டு வரையிலேனும் பின்னோக்கிச் சென்று பார்த்தல் வேண்டும். வில்லங்கச் சான்றை இக்காலத்தில் வீட்டிலிருந்தே கணினி வழியாய்ப் பெறலாம். ஆயின் அதிற் காண்பன பதிவான பத்திரங்கள் மாத்திரமே. பதியப்படாத உயிலும், வாய்மொழி உடன்பாடும், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கும் அதிற் புலப்படாமற் போகலாம். பட்டாவோ வருவாய்த்துறையாரது வரிக்கணக்கு. பத்திரத்திலுள்ள பெயரும் அளவும் பட்டாவிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் அவசியம். ஆயினும் பட்டா மாத்திரம் உரிமையை நிலைநாட்டாது.

விற்பவர் தம் தந்தையாரிடமிருந்து பெற்ற சொத்தெனின், உடன்பிறந்த பெண்மக்களின் கையொப்பத்தை மறவாது கேட்டல் வேண்டும். “அக்காளுக்குச் சீர் செய்துவிட்டோம், அவள் ஒன்றும் கேட்க மாட்டாள்” என்னும் சொல் பலவிடத்துக் கேட்கப்படுவது. கிறிஸ்தவர்க்குரிய 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே வகுத்துள்ளது. இந்துக் குடும்பச் சொத்தில் 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ஆம் ஆண்டு மத்திய அரசின் திருத்தமும் பெண்மக்களுக்குப் பிறப்புரிமையை அளித்தன. அக்காள் கேளாமலிருக்கலாம், அவள் மக்கள் கேட்பர். பொது அதிகாரப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு வீட்டை வாங்கிவிட்டதாகக் கருதுவோரும் உளர். அத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டிலேயே தெளிவாய்த் தீர்ப்புரைத்துள்ளது.

பலரும் கைவிடுவது ஒன்றுண்டு. வீட்டினுள் இப்பொழுது இருப்பவர் யார், எந்த உரிமையால் இருக்கின்றார் என்று நேரிற் சென்று வினவுதலே அது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, ஒருவர் அனுபவத்திலுள்ள சொத்தை வாங்குபவர் அவருடைய உரிமையை அறிந்தே வாங்கினதாகக் கொள்ளப்படுவார். யாம் அறியோம் என்பது பின்னர்ச் செல்லாது. நம் நாட்டில் ஒத்தி அல்லது போக்கியம் என்னும் வழக்கமும் உண்டு. குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாய்க் கொடுத்து, வாடகையின்றி வசித்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவார். இது பதியப்படாது வெறும் முத்திரைத்தாளிலேயே பலவிடத்து நிற்றலின், வில்லங்கச் சான்று தூயதாயிருக்க, வீட்டினுள் ஒத்திக்காரர் ஐந்து லட்சத்தை எதிர்நோக்கி அமர்ந்திருத்தல் கூடும். கதவைத் தட்டிக் கேட்டால் அரை மணி நேரத்தில் விளங்கும் விஷயம் இது.

கட்டடத்தைப் பார்க்குங்கால் ஐப்பசியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் பார்த்தல் நலம். மழையில் ஒழுக்கும், வெயிலில் கிணற்றின் ஆழமும் தாமே புலப்படும். சென்னையிலாயின் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அத்தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எதிர்வீட்டுப் பாட்டியைக் கேட்கலாம். தரகரைக் கேட்டுப் பயனில்லை.

நிற்க. இனிக் குடிவைத்தலைக் கூறுவோம். யுத்த காலத்து வீட்டுப் பஞ்சத்தை அடுத்து, 1946-இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எழுந்தது; அது 1949-இலும் 1960-இலும் புதுப்பிக்கப்பட்டது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாமையால், வீட்டைப் பூட்டி வைத்தலே மேல் எனச் சிலர் கருதினர். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். அதனை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்தல் வேண்டும். பதினொரு மாதத்திற்கு இருபது ரூபாய்த் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும் என்னும் பழைய வழக்கம் இன்று உதவாது.

குடிவருவோரை ஆராய்தல் எங்ஙனம்? வேலைச் சான்றையும் ஊதியச் சீட்டையும் யாவரும் கேட்பர். வாடகை அவர் வருவாயில் மூன்றில் ஒரு பங்கினை மிஞ்சினால் இருவர்க்கும் இடர். இதனினும் பயனுடையது முன்பிருந்த வீட்டுக்காரரைக் கேட்டல். அதிலும் ஒரு நுட்பமுண்டு. இப்பொழுதுள்ள வீட்டுக்காரர், தமக்குத் தொல்லை ஒழிந்தாற் போதும் என்று ஆகாதவரையும் புகழ்ந்துரைக்கக் கூடும். அவர்க்கு முந்தின வீட்டுக்காரர்க்கோ அத்தகைய நோக்கமில்லை. அவர் கூறுவதையே நம்புக. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மின்கட்டணம் எவ்வாறு கணக்கிடப்படும் என்று துருவிக் கேட்பவரைத் தொல்லைக்காரர் எனத் தள்ளிவிடலாகாது. நெடுநாள் வசிக்க எண்ணுபவரே அவ்வாறு கேட்பர். ஒன்றும் கேளாது, இன்றே முன்பணம் தருகிறேன், நாளையே வருகிறேன் என்பவரிடத்துத்தான் சிறிது தாமதித்தல் வேண்டும்.

இவ்விடத்து ஒன்றை மறையாது கூறுகின்றோம். “என்ன சாதி? சைவமா?” என்பதே நம் தெருக்களில் வீட்டுக்காரர் கேட்கும் முதல் வினாவாயிருக்கின்றது. நம் கல்லூரி ஆசிரியருள்ளும் மாணவருள்ளும் இவ்வினாவுக்கு விடையிறுத்துவிட்டு, காலியாயிருந்த வீடு நொடியில் நிரம்பிவிட்டதாகக் கேட்டுத் திரும்பினோர் பலர். அறத்தை ஒருபுறம் வைத்து ஊதியத்தையே நோக்கினும், சாதியைக் கேட்டறிந்தவர் வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாரா என்பதை அறிந்தவரல்லர்; கேட்கவேண்டியதைக் கேளாது விட்டவரே ஆவர். மணமாகாத இளைஞர்க்கு வீடில்லை என்பதும் இதனோடு ஒக்கும். மூவர் சேர்ந்து வருவாராயின், மூவர் பெயரையும் உடன்படிக்கையில் எழுதி, முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பெனக் கையொப்பம் பெற்றால் அச்சம் தீர்ந்தது.

வாடகையை வங்கி வழியாகப் பெறுதலும், ரொக்கமாயின் ரசீது கொடுத்தலும் இருவர்க்கும் காப்பு. இரண்டு மாத வாடகை செலுத்தாதிருத்தல் வெளியேற்றக் கோருதற்கு ஒரு காரணமாகும். அதற்கும் வாடகை நீதிமன்றத்தையே அணுகவேண்டும். சினத்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பவர், தம் பக்கம் இருந்த நியாயத்தையும் இழந்து தாமே குற்றம் சாட்டப்படுவார். முன்பணத்தின் அளவு மூன்று மாத வாடகை எனச் சட்டம் வகுத்திருப்பினும், சென்னையில் பத்து மாதம் வாங்கும் பழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. எத்தனை மாதமாயினும் அது வீட்டுக்காரர் பணமன்று. செலவழித்துவிட்டு, அடுத்துக் குடிவருபவரிடம் வாங்கித் தருகிறேன் என்று தவணை கூறுதல் தகாது. அதனைத் தனிக் கணக்கில் இட்டுவைத்து, குடிவரும் நாளன்று சுவர், கதவு, குழாய் முதலியவற்றை இருவரும் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வாராயின், வெளியேறும் நாளில் அப்படங்களை ஒப்பு நோக்கி, உடைந்ததற்குரிய தொகையை மட்டும் கழித்து, எஞ்சியதை ஒரு மாதத்திற்குள் கொடுத்துவிடலாம். புழங்கியதால் மங்கிய சுண்ணாம்பு உடைந்ததாகாது. அதனை அடிக்கும் கூலி வீட்டுக்காரரைச் சேர்ந்தது.